சிரட்டைக்கரி ஆக்கும் முறை

தேங்காய்ச் சிரட்டையைக் காற்று மட்டாகப் புகுமாறு சுடின், நீரும் தாரும் புகையாய் நீங்கக் காபன் மிகுந்த கரி எஞ்சும். இக்கரியினால் நீரிறைக்கும் இயந்திரத்திற்கு வேண்டிய வாயுவை ஆக்கலாம், உலோகத்தையும் உருக்கலாம்.

இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. தணலினூடாகக் காற்றுச் செல்லுகையில் உண்டாகும் காபனீரொட்சைட்டு, மேலுள்ள சூடான கரியோடு சேர்ந்து காபனோரொட்சைட்டாக மாறும். இவ்வாயு எரியும், இரும்புத்தாதிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்து இரும்பைப் பிரிக்கவும் வல்லது. சமனலவெவச் சரிவுகளில் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றால் இயங்கிய இரும்புலைகளிலும் மரக்கரியே இத்தொழிலைச் செய்தது.

நுண்துளை மிகுந்த கரியே விரைந்து தாக்கமுறும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறின் அவ்வியல்பு குன்றும். சூடு போதாதாயின் தார் தங்கி இயந்திரத்தைப் பழுதாக்கும்.

செய்முறை: நீரூறாத மேட்டு நிலத்திற் செங்கல் பதித்த குழி அமைத்தல் வேண்டும். தும்பு நீக்கிய உலர்ந்த சிரட்டைகளைச் சிறிதளவு இட்டுத் தீ மூட்டுக. தீ பரவப் பரவ மேலும் இடுக. அடர்ந்த வெண்புகை நீங்கி மெல்லிய நீலப்புகை தோன்றியதும் இரும்புத் தகட்டால் மூடி, விளிம்புகளைக் களிமண்ணால் அடைத்திடுக. முற்றாகக் குளிருமுன் திறப்பின் கரி மீண்டும் தீப்பற்றிச் சாம்பலாகும். நீர் தெளித்து அணைத்தலும் தகாது, கரி ஈரமுறும். நன்கு செய்யின் 100 கிலோகிராம் சிரட்டைக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிலோகிராம் கரி கிடைக்கும்.

எச்சரிக்கை: காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற கொடிய நஞ்சு. கரித்தணலையோ வாயு இயந்திரத்தையோ மூடிய அறையில் வைத்தலாகாது. குழியில் இறங்குமுன் மூடியை அகற்றி நெடுநேரம் காற்றோட விடுக. தலைவலியோ மயக்கமோ தோன்றின், அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு சென்று வைத்தியசாலையிற் சேர்த்தல் வேண்டும்.