தசை வளர்க்குமா ஐ.ஜி.எஃப். ஊசி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லீ ஸ்வீனி என்ற பேராசிரியரின் குழு 1998-இல் ஓர் எலிப் பரிசோதனையின் முடிவை வெளியிட்டது. ஐ.ஜி.எஃப்.-1 என்ற புரதத்தைச் சுரக்கவைக்கும் மரபணுவைத் தீங்கில்லாத வைரஸ் ஒன்றில் ஏற்றிச் சுண்டெலிகளின் கால் தசைக்குள் செலுத்தியிருந்தார்கள். இளம் எலிகளின் தசை எடை 15 சதவீதமும் வலு 14 சதவீதமும் கூடின. கிழட்டு எலிகளுக்கோ, வயதானால் குறைய வேண்டிய தசை வலு குறையவே இல்லை. தசைச்சிதைவு நோயாளிகளை மனத்தில் வைத்துச் செய்த ஆய்வு இது. ஆனால், விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் ஸ்வீனியைத் தேடிப்பிடித்து விசாரிக்கத் தொடங்கினார்கள். தன் அணி மொத்தத்துக்கும் போட்டுவிட முடியுமா என்று கேட்ட பள்ளிப் பயிற்சியாளரும் உண்டு.

அந்த மரபணு ஊசி கடைக்கு வரவில்லை. அந்தப் புரதமும் அதன் பங்காளிகளும் வந்துவிட்டன. சிறு கண்ணாடிக் குப்பி, அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள், மேலே 'எல்.ஆர்.3', 'டெஸ்', 'எம்.ஜி.எஃப்.' என்று ஏதோ ஒரு பெயர். இவற்றில் எது தசையை அதிகம் ஏற்றும் என்பதுதான் ஜிம் வட்டாரத்தில் ஓயாத விவாதம்.

ஐ.ஜி.எஃப்.-1 நம் உடம்பிலேயே ஊறுவது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை அனுப்ப, அதன் உத்தரவுப்படி கல்லீரல் இதைத் தயாரிக்கிறது. 70 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி. 1978-இல் ரிண்டர்க்நெக்ட், ஹும்பெல் என்ற இருவர் இதன் அமைப்பைக் கண்டறிந்தபோது, இன்சுலினின் சாயல் அப்படியே இருந்தது. அதனால் 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி' என்று பெயர் வைத்தார்கள்.

ரத்தத்தில் இது தனியாகத் திரிவது அபூர்வம். இதைப் பிடித்துவைக்க ஆறு வகைப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் பிடியில் இருக்கும்வரை பல மணி நேரம் ரத்தத்தில் தங்கும். வேலை எதுவும் செய்யாது. பிடி விட்டால் வேலை செய்யும். ஆனால் நிமிடங்களில் மறைந்துவிடும். கடைச் சரக்குகளில் பலவும் இந்தப் பிடியை ஏமாற்றச் செய்யப்பட்டவைதான்.

'டெஸ்' என்பது முதல் மூன்று அமினோ அமிலங்கள் வெட்டுப்பட்ட வடிவம். பிடிப்புப் புரதங்கள் பற்றிக்கொள்வதற்கு மூன்றாவதாக வரும் குளுட்டமேட் மிக முக்கியம். அது போய்விட்டதால் பிடி நழுவுகிறது. இது ஆய்வகக் கற்பனையல்ல; பசுவின் சீம்பாலிலும் மனித மூளையிலும் இயற்கையாகவே இருக்கிறது. கண்ணாடித் தட்டில் வளரும் செல்களிடம் சாதாரண ஐ.ஜி.எஃப்.-1-ஐவிடச் சுமார் 10 மடங்கு வீரியம் காட்டியது. 'பத்து மடங்கு' என்ற விளம்பர வாசகத்தின் பூர்வீகம் இதுதான். அந்தத் தட்டில் கல்லீரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

'எல்.ஆர்.3' ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தது. அங்கே மூன்றாம் இடத்துக் குளுட்டமேட்டை எடுத்துவிட்டு அர்ஜினைனை வைத்தார்கள். தலைப்பக்கம் 13 அமினோ அமிலங்களை ஒட்டினார்கள். மொத்தம் 83. இதையும் பிடிப்புப் புரதங்களால் சரியாகப் பிடிக்க முடியாது. இதன் முறையான வேலை, மருந்துத் தொழிற்சாலைகளின் கலன்களில் வளரும் செல்களுக்கு ஊட்டமாக இருப்பது. மனிதருக்கான மருந்தாக இது அனுமதி பெற்றதில்லை.

'எம்.ஜி.எஃப்.' கதை வேறு. லண்டனில் ஜெஃப்ரி கோல்ட்ஸ்பிங்கின் குழு 1996-இல் ஒன்றைக் கவனித்தது: இழுவைக்கும் சுமைக்கும் ஆளான தசை, அதே ஐ.ஜி.எஃப். மரபணுவிலிருந்து சற்றே வேறுபட்ட செய்தியை எழுதுகிறது. அந்தச் செய்தியில் கூடுதலாக வரும் வால் துண்டைத்தான், 24 அமினோ அமிலங்களில், செயற்கையாகச் செய்து எம்.ஜி.எஃப். என்று விற்கிறார்கள். சீக்கிரம் சிதையாமலிருக்க பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்தால் அது 'பெக் எம்.ஜி.எஃப்.' அந்த வால் உடம்பில் தனியாக உலவுகிறது என்பதற்கே உறுதியான சான்று கிடையாது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் தசைச் செல்களிடமும் சரி, மனிதத் தசைச் செல்களிடமும் சரி, அது எந்த அசைவையும் உண்டாக்கவில்லை.

சரி, கலப்படமில்லாத ஐ.ஜி.எஃப்.-1-ஐ மனிதருக்கே கொடுத்துப் பார்த்தால்? பார்த்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஓராண்டு முழுக்க ஊசி போட்ட ஆய்வு 2001-இல் வெளியானது. தசையும் கொழுப்பும் எலும்பும் இருந்தபடியே இருந்தன. 2015-இல் வெளியானது, பொழுதுபோக்காக விளையாடும் 56 ஆண், பெண்களிடம் நடத்திய 28 நாள் சோதனை. பிடிப்புப் புரதத்துடன் சேர்த்தே மருந்து கொடுத்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியது, தசை கூடவில்லை.

ஸ்வீனியின் எலிகளுக்கு மட்டும் எப்படி ஏறியது? அவற்றின் ரத்தத்தில் ஐ.ஜி.எஃப். அளவு உயரவே இல்லை. தசைக்குள்ளேயே ஊறி, அங்கேயே செலவானது. இதன் மறுபக்கம் 1999-இல் தெரிந்தது. கல்லீரலில் மட்டும் இந்த மரபணுவை நீக்கிய எலிகளில், ரத்த அளவு சுமார் 75 சதவீதம் சரிந்தும், அவை மற்ற எலிகளைப் போலவே வளர்ந்தன. தசைகளும் மற்ற உறுப்புகளும் தமக்கு வேண்டியதைத் தாமே தயாரித்துக்கொண்டன. குப்பிச் சரக்கு எந்த வடிவமானாலும் ரத்தத்தோடு கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ஊசிக்குப் பயந்தவர்களுக்கு, ஐ.ஜி.எஃப்.-1 இருப்பதாகச் சொல்லி மான் கொம்பு ஸ்பிரே வந்தது. ஃபிஜியைச் சேர்ந்த இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் விஜய் சிங், அதைப் பயன்படுத்தியதாக 2013-இல் வெளிப்படையாகச் சொல்லி வம்பில் மாட்டினார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அந்த ஸ்பிரேயைத் தடை செய்யப்பட்டதாகக் கருதவில்லை என்று தெளிவானதும், அவர்மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. வாய்வழியே போகும் புரதம் வயிற்றில் செரித்துவிடும் என்பதால் தசைக்கும் அதனால் லாபமில்லை.

ஊசி அத்தனை சாது அல்ல. மெகாசெர்மின் என்பது மருந்தாக அனுமதி பெற்ற ஐ.ஜி.எஃப்.-1. அமெரிக்காவில் 2005 முதல் அதை, இந்தப் புரதம் சுரக்காமல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குத் தருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ 20 நிமிடத்துக்குள் போட வேண்டும். குழந்தை சாப்பிட மறுத்தால் அந்த வேளை ஊசியே கூடாது. இன்சுலினைப் போலவே சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும் என்பதுதான் காரணம். டான்சில் வீங்குவதும் மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதும் அறியப்பட்ட பக்கவிளைவுகள்.

புற்றுநோய்க் கவலையும் உண்டு. ஈக்வடாரின் தென்பகுதியில் லாரோன் குறைபாடு உள்ளவர்கள் வாழ்கிறார்கள். குள்ளமான உருவம், மிகக் குறைந்த ஐ.ஜி.எஃப்.-1. 22 ஆண்டுகள் கண்காணித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் ஒருவருக்கு மட்டுமே புற்றுநோய் வந்திருந்தது. அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. நீரிழிவு யாருக்குமே இல்லை. அவர்களின் உறவினர்களிடம் இரண்டு நோய்களும் இருந்தன. செல்களைப் பெருகச் சொல்லும் புரதம், எந்தச் செல் என்று தரம் பார்ப்பதில்லை.

போட்டி நாளானாலும் பயிற்சி நாளானாலும், ஐ.ஜி.எஃப்.-1-ம் அதன் எல்லா வடிவங்களும் வீரர்களுக்குத் தடை செய்யப்பட்டவை. தடை தன்னைத் தொடாது என்று நினைக்கும் ஜிம் இளைஞர், விலைப்பட்டியலுக்கு முன் குப்பியின் லேபிளைப் படிப்பது நல்லது. பெரும்பாலும் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்: ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல. விற்பவர் தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய வரிதான், எல்.ஆர்.3 விஷயத்தில் அது அப்பட்டமான உண்மையும்கூட.