கென்னடியிடம் வாதாடப் போன ராஜாஜி: அணுகுண்டுச் சோதனைகளும் 1962ஆம் ஆண்டும்

பள்ளியில் பனிப்போர் பாடம் வரும்போது நம் பிள்ளைகள் வீட்டில் வந்து கேட்பது இதைத்தான்: அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டதில் நமக்கு என்ன? கூடுவாஞ்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அணு என்றால் கல்பாக்கம்தான் நினைவுக்கு வரும். அது நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கும் மின் நிலையம். அணுகுண்டு என்பது எங்கோ வல்லரசுகளின் விவகாரம் என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிட மறுத்து, 83 வயதில் சென்னையிலிருந்து வாஷிங்டன் வரை போய் அமெரிக்க அதிபரிடமே வாதாடிய தமிழர் ஒருவர் உண்டு. அவர் ராஜாஜி. இந்தச் செய்தி நம் பாடப்புத்தகங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அதிகம் வருவதில்லை.

அவர் ஏன் போனார் என்பது புரிய, அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி மீது குண்டு விழுந்தபோது அணு ஆயுதம் அமெரிக்காவிடம் மட்டுமே இருந்தது. 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் ரஷ்யாவும் வெடித்துக் காட்டியது. அதன்பிறகு ஒருவர் ஒன்று வெடித்தால் மற்றவர் அதைவிடப் பெரிதாக ஒன்று வெடிப்பது என்று போட்டி முற்றியது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் பலம் 15 மெகா டன். ஹிரோஷிமா குண்டைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஆபத்து எல்லை என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது வெள்ளைச் சாம்பல் மழைபோலப் பெய்தது. அதிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சால் நோயுற்றார்கள். படகின் வானொலி இயக்குநர் அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். போர் எதுவும் நடக்கவில்லை. ஜப்பான் அமெரிக்காவுக்கு எதிரியாகவும் அப்போது இல்லை. மீன் பிடிக்கப் போனவர்கள், அவ்வளவுதான்.

சோதனை வெடிப்பின் தீங்கு வெடித்த இடத்தோடு நிற்பதில்லை. கதிரியக்கத் தூசி வானத்தில் மிக உயரத்துக்குப் போய், காற்றோடு உலகைச் சுற்றி, மழையோடு இறங்குகிறது. அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் 90 என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தைப் போலவே நடந்துகொள்ளும். புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றுக்குப் போய், பாலில் கலந்து, அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்துவிடும். அதன் வீரியம் பாதியாகக் குறையவே 29 ஆண்டுகள் போல ஆகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைத் தாய்மார்களிடம் வாங்கி ஆராய்ந்தார்கள். சோதனைகள் கூடக்கூடப் பற்களில் இந்தப் பொருளும் கூடியிருந்தது தெரியவந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் குண்டுகள் யார் வாழும் மண்ணில் வெடிக்கப்பட்டன? ரஷ்யா தன் முதல் குண்டை வெடித்த செமிபாலடின்ஸ்க் இருப்பது கசாக் முஸ்லிம்களின் புல்வெளியில். அங்கு நாற்பது ஆண்டுகளில் 456 சோதனைகள் நடந்தன. பிரான்ஸ் தன் முதல் குண்டை 1960 பிப்ரவரி 13 அன்று வெடித்தது அல்ஜீரியாவின் சஹாரா பாலைவனத்தில். அல்ஜீரிய மக்கள் விடுதலைக்காக அதே பிரான்ஸை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. அமெரிக்கா வெடித்தது மார்ஷல் தீவுவாசிகளின் கடலில். சண்டை வல்லரசுகளுக்குள், சாம்பல் மற்றவர்கள் தலையில்.

ராஜாஜியின் வாதமும் இங்கிருந்துதான் தொடங்கியது. நீங்கள் இருவரும் போர் செய்வது உங்கள் விஷயம் என்றே வைத்துக்கொண்டாலும், சண்டையில் சேராத நாடுகளின் காற்றையும் நீரையும் கெடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது என்பதே அவர் கேள்வி. 1954 ஏப்ரல் 2 அன்று பிரதமர் நேரு, பேச்சுவார்த்தை முடியும் வரை சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். ராஜாஜி ஒரு படி மேலே போனார். எதிரி நிறுத்தட்டும் என்று காத்திருக்காமல் யாராவது ஒருவர் முதலில் நிறுத்த வேண்டும் என்றார்.

ராஜாஜியைப் பற்றி நம்மில் பலருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. 1937இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தவர், 1953இல் குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தவர். அந்த விமர்சனங்கள் நியாயமானவை. 1967 தேர்தலில் தி.மு.க., காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக் ஆகியவற்றோடு ஒரே அணியில் நின்றவரும் அவர்தான் என்பது வேறு கதை. ஆனால் அணு ஆயுத விஷயத்தில் அவர் பேச்சுக்கு ஒரு தனி எடை இருந்தது. அவர் கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர். நேருவின் பொருளாதாரக் கொள்கையை எதிர்த்தே 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர். அமெரிக்காவை நிறுத்தச் சொல்லும் ஒருவரை ரஷ்யாவின் ஆள் என்று ஒதுக்கிவிடுவது அந்நாளில் எளிது. ராஜாஜியை அப்படி ஒதுக்க முடியவில்லை.

1958 முதல் மூன்று ஆண்டுகள் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் சோதனைகளைத் தாமாக நிறுத்தி வைத்திருந்தன. 1961 செப்டம்பரில் ரஷ்யா மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 30 அன்று 50 மெகா டன் குண்டு ஒன்றை வெடித்தது. இன்றுவரை உலகம் கண்டதில் அதுதான் பெரியது. அமெரிக்காவும் விடவில்லை. 1962இல் மட்டும் உலகெங்கும் 170க்கும் அதிகமான சோதனைகள் நடந்தன, அதாவது இரண்டு நாளைக்கு ஒன்று என்ற கணக்கு.

அந்த ஆண்டு ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் டெல்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு நடத்தியது. அதையொட்டி ராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் மூவரும் அமெரிக்கா அனுப்பப்பட்டார்கள். மேலைநாட்டு மண்ணில் ராஜாஜி கால் வைத்தது அதுவே முதல் முறை. 1962 செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார்கள். ஒதுக்கப்பட்ட நேரத்தைத் தாண்டிச் சுமார் ஒரு மணி நேரம் பேச்சு நீண்டது. 45 வயது அதிபர் இந்த முதியவரின் வாதத் தெளிவைப் பிறகு வியந்து பேசியதாக அப்போதைய இந்தியத் தூதர் பி.கே. நேரு எழுதியிருக்கிறார்.

வியந்தார், ஆனால் உடனே நிறுத்திவிடவில்லை. ரஷ்யா பூமிக்கடியில் ரகசியமாகச் சோதனை செய்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, நேரில் வந்து சோதிக்க அவர்கள் விடமாட்டார்களே என்பது அமெரிக்காவின் அன்றைய நிலை. நேரில் வருவது உளவு பார்க்கத்தான் என்பது ரஷ்யாவின் நிலை. பல வருடமாக இரு பக்கமும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்தச் சந்திப்பு முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கியூபாவில் ரஷ்யா அணு ஏவுகணைகளை நிறுவுவதைக் காட்டும் படங்கள் அக்டோபர் 16 அன்று கென்னடியின் மேஜைக்கு வந்தன. பதின்மூன்று நாட்கள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 27ஆம் தேதி, அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்த நிலையில் ஒரு ரஷ்ய நீர்மூழ்கியின் தலைவர் அணு டார்பிடோவை ஏவ நினைத்தபோது, வாசிலி ஆர்க்கிபோவ் என்ற அதிகாரி சம்மதிக்க மறுத்தார். மறுநாள் குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார்; துருக்கியில் வைத்திருந்த ஏவுகணைகளை அகற்றுவதாக அமெரிக்காவும் ரகசியமாக வாக்களித்தது. நம் நாட்டில் இது அவ்வளவாக மனதில் பதியவில்லை. அக்டோபர் 20 அன்று சீனப் படை எல்லை தாண்டியிருந்தது. எல்லோர் கண்ணும் அங்கேதான்.

அந்தப் பயம்தான் இரு தரப்பையும் இறங்கி வரச் செய்தது. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காற்றிலும், விண்வெளியிலும், கடலுக்கடியிலும் இனிச் சோதனை இல்லை. சில நாட்களுக்குள் இந்தியாவும் கையெழுத்திட்டது. ராஜாஜி போய்ப் பேசியதால் இது நடந்தது என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் அவர் முன்வைத்த குறை, அதாவது சம்பந்தமில்லாதவர்களின் காற்றைக் கெடுப்பது, அந்த ஒப்பந்தத்தில்தான் முதன்முதலாகத் தீர்ந்தது. அதன்பின் பாலிலும் பற்களிலும் ஸ்ட்ரான்சியம் குறையத் தொடங்கியது.

பூமிக்கடியில் வெடிப்பதை ஒப்பந்தம் தடுக்கவில்லை. பிரான்சும் சீனாவும் கையெழுத்திடவே இல்லை. சீனா 1964இல் வெடித்தது. ராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்தார். 1974 மே 18 அன்று போக்ரானில் இந்தியாவே பூமிக்கடியில் வெடித்தது. செமிபாலடின்ஸ்க் தளத்திலும் பூமிக்கடியில் வெடிப்புகள் தொடர்ந்தன. அந்தத் தளம் மூடப்பட்டது 1991 ஆகஸ்ட் 29 அன்றுதான். கசகஸ்தானின் கோரிக்கையை ஏற்று, அந்தத் தேதியையே அணு ஆயுதச் சோதனைகளுக்கு எதிரான சர்வதேச நாளாக 2009இல் ஐ.நா. அறிவித்தது.