ஈரத்துணிக்குள் பயறு மட்டுமா முளைக்கிறது?

காலை ஆறரைக்கு எந்தப் பூங்கா வாசலிலும் பார்க்கலாம். அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு கேன்களுக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தூக்கு. அதில் முளைகட்டிய பச்சைப்பயறு. நடந்து வியர்த்தவர்கள் தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஒரு கப் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். நல்ல உணவுதான். முளைகட்டினால் வைட்டமின் சி கூடும். இரும்புச்சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் குறையும்.

ஆனால் பயறு முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும்தான் பாக்டீரியா பெருகவும் தேவை. வயலிலோ களத்திலோ ஒட்டிய கிருமி விதைத்தோலின் கீறலுக்குள் புகுந்துவிட்டால் எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போகாது. 2011இல் ஜெர்மனியில் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் தொற்றுப் பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பல நூறு பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. முதலில் பழி விழுந்தது ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது. விசாரணை கடைசியில் போய் நின்றதோ நம் அஞ்சறைப்பெட்டிச் சாமானில்: முளைகட்டிய வெந்தயம்.

அதனால் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. இட்லிப் பானையில் ஆவியில் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். "சத்தெல்லாம் போயிடுமே" என்பார்கள். வைட்டமின் சி கொஞ்சம் போகும். புரதமும் நார்ச்சத்தும் எங்கே போகப்போகின்றன?

வீட்டில் முளைகட்டுபவர்கள் துணியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். முளை விட்டதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு மே மாதம் நான் கட்டிவைத்த மூட்டையை இரண்டாம் நாள் அவிழ்த்தபோது விரலில் கொழகொழவென்று ஒட்டியது. புளித்த வாடை வேறு. யோசிக்காமல் கொட்டினேன். வாடை வராத பயறிலும் கிருமி இருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முளைப்பயறு மட்டுமல்ல, எல்லாவற்றையும் பச்சையாகத் தின்றுவிடவும் முடியாது. ராஜ்மாவைக் கொதிக்கவைக்காமல் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்குதான். சுரைக்காய்ச் சாறு கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும். கசந்த சாற்றைக் குடித்து 2010இல் டில்லியில் ஒரு விஞ்ஞானி இறந்தே போனார். நல்ல உணவும் எல்லாருக்கும் ஒத்துவராது. சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியமே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் திடீரென்று கீரைச் சாற்றைக் கூட்டினால் மருந்தின் வேலை குறையும். பச்சைக் காய்கனிகளை மட்டுமே உண்பவருக்கு பி12 கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட உணவுப் பட்டியலை அப்படியே நகலெடுக்காதீர்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவோடு ஒரு மருத்துவரைப் பாருங்கள். இயற்கை மருத்துவம்தான் வேண்டும் என்றால் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

"இந்தப் பொடியில் சர்க்கரை நோய் அடியோடு போகும், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்" என்று ஒருவர் விற்றால் அவர் சட்டத்தை மீறுகிறார். நீரிழிவையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

பாக்கெட்டில் வரும் முளைப்பயறில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகப்படும் உணவைக் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கும் உரிமை 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் நுகர்வோருக்கு உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கெட்ட உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்கிறது 65ஆம் பிரிவு. நுகர்வோர் வழக்காகத் தொடர்வதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் பார்க்கலாம்.

எங்கே போனாலும் ஆதாரம் கேட்பார்கள். பில்லையும் மிச்சப் பயறையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையில் சேர்ந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மலக் கல்ச்சர் பரிசோதனை எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து ஏறிய பிறகு கிருமி பிடிபடாமல் போகலாம்.