உங்களுக்குத் தெரியுமா? சிவப்புப் பாண்டா கரடியே அல்ல!

கறுப்பு வெள்ளை ராட்சத பாண்டா கரடி இனம். சிவப்புப் பாண்டாவோ ஐலூரிடே என்ற தனிக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் இன்று உலகில் மிஞ்சியிருப்பது இது மட்டும்தான்!

● குடல் மாமிச உண்ணிக்கு உரியது. சாப்பாடோ மூங்கில் இலை. அதில் கால்வாசிதான் செரிக்கிறது. அதனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் பெரும்பாலும் மேய்ச்சல்தான்.

● கணுக்கால் பின்பக்கமாகத் திரும்பும். அடிமரத்தைக் கவ்விக்கொண்டு, தலை கீழ்நோக்கியிருக்க, சரசரவென இறங்கிவிடும். பார்க்கவே அழகு! உள்ளங்காலிலும் அடர்ந்த ரோமம். குளிர் கடுமையானால் வாலைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும்.

● சிக்கிமின் மாநில விலங்கு இது. இந்தியச் சட்டத்தில் புலிக்கு நிகரான பாதுகாப்பும் உண்டு. இருந்தும், 2015 முதல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என்.-இன் சிவப்புப் பட்டியலில் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்றே இருக்கிறது. காடுகள் துண்டு துண்டாகின்றன. கஸ்தூரி மானுக்கு வைத்த கண்ணியில் இது சிக்குகிறது. தடுப்பூசி போடாத நாய்களிடமிருந்து டிஸ்டம்பர் நோய் தொற்றுகிறது. தொற்றினால் பிழைப்பது அரிது.

● டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு விலங்கியல் பூங்கா இவற்றைப் பெருக்கிக் காக்கிறது. அங்கே வளர்ந்த இரண்டு பெண் பாண்டாக்கள் 2003-இல் சிங்காலிலா காட்டில் விடப்பட்டன.