எட்டு சிலிண்டர் ஆசை

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரமெல்லாம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். தலையில் கூடையுடன் வரப்பின்மேல் வரிசையாக வரும் பெண்கள். நீங்கள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் உங்கள் பிள்ளையோ, தம்பியோ, ஏன், உங்கள் வீட்டுக்காரரோகூட, பார்ப்பது வேறு. எதிரே நேராக ஓடும் சாலைதான் அவர் கண்ணில் படும். "இந்த வண்டியிலே மட்டும் ஒரு வி-எட்டு இஞ்சினைத் தூக்கி வைத்தால்..." என்று ஒரு பெருமூச்சு விடுவார்.

வி-எட்டு என்றால் என்ன என்று அவரைக் கேட்டுவிடாதீர்கள். புதுச்சேரி வரையில் பதில் வரும். நானே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கார்களில் பெரும்பாலும் மூன்று அல்லது நாலு சிலிண்டர். அது எட்டு சிலிண்டர். நாலு நாலாக இரண்டு வரிசையில், ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சாய்த்து வைத்திருப்பார்கள். 1962-ல் அமெரிக்காவில் காரல் ஷெல்பி என்பவர், 'ஏஸ்' என்ற சின்னஞ்சிறு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஃபோர்டு கம்பெனியின் வி-எட்டை வைத்து 'கோப்ரா' என்று பெயர் சூட்டினார். உலகம் முழுவதும் ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த ஆசைக்கும் உப்புக்கும்கூட ஒரு பழைய உறவு இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் பான்வில் என்ற இடத்தில், வற்றிப்போன பழைய ஏரி ஒன்று மைல் கணக்கில் உப்புப் பாளமாக உறைந்து கிடக்கிறது. மரக்காணத்துப் பாத்தியில் காலை வைத்தால் சேறு. அங்கேயோ மோட்டாரே ஓடும். 1947-ல் ஜான் காப் என்ற ஆங்கிலேயர், ஆகாய விமான இஞ்சின்கள் இரண்டைக் காரில் வைத்து, அந்த உப்பின்மேல் மணிக்கு 394 மைல் வேகத்தில் போய் உலக சாதனை செய்தார். ஐந்து வருஷம் கழித்து, 1952-ல், ஜெட் இஞ்சின் வைத்த படகில் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இறங்கினார். படகு 200 மைல் வேகத்தையும் தாண்டியது. நீரில் எழுந்த சிற்றலைகளின் அடியை அதன் உடம்பு தாங்கவில்லை. சிதறிப் போயிற்று. காப் உயிரோடு திரும்பவில்லை.

உடம்பு தாங்க வேண்டும் என்பதுதான் இதில் சமாசாரம். உங்கள் மாவு கிரைண்டரில், கிணற்றுப் பம்புக்குப் போடும் ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரை மாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாவு சீக்கிரம் அரைபடாது. பெல்ட் அறுந்து, கல் துள்ளி, மாவு கூரையில் இருக்கும்! காரும் அப்படித்தான். பெரிய இஞ்சின் வந்தால் கிளச் போதாது, கியர் பெட்டி போதாது. முன்பக்கம் கனத்து ஸ்பிரிங் அமுங்கும். அதன் சூட்டைத் தணிக்கப் பழைய ரேடியேட்டர் காணாது. எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்டு வண்டி நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகும். எனக்குத் தெரிந்து இஞ்சினைப் பற்றிக் கனவு காணாத ஆண்பிள்ளை இல்லை. பிரேக்கைப் பற்றிக் கனவு கண்டவர் ஒருவரும் இல்லை. வட சென்னையில் மீன்பாடி வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மிதித்து ஓட்டுவதற்கென்று செய்த மூன்று சக்கர வண்டியில் பழைய ஸ்கூட்டர் இஞ்சினைக் கட்டி விரட்டினால், ஓடத்தான் ஓடுகிறது, நிற்பதுதான் சந்தேகம்.

இதற்கு நேர் தலைகீழான கதையும் நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. பெருங்களத்தூர் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அம்மா பவனி வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செய்தவர்கள். 1985-ல் அவர்கள் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு கார் கொண்டுவந்தார்கள். அடேயப்பா, என்ன அழகு! இங்கிலாந்தின் ரோவர் காருடைய அதே உடம்பு. பார்த்தால் ஸ்போர்ட்ஸ் கார்தான். ஆனால் சீமையில் அதற்குள் முதலில் இருந்தது 155 குதிரைச் சக்தியுள்ள வி-எட்டு. இங்கே வைத்ததோ, 1940-களில் பிறந்த வான்கார்டு காரின் நாலு சிலிண்டர் இஞ்சின். நூறு குதிரைகூட இல்லை. வேகமும் இல்லை, விலையோ அதிகம். சில வருஷங்களில் கார் மறைந்துவிட்டது. 'நல்ல இஞ்சின் மட்டும் வைத்திருந்தால்!' என்று அங்கலாய்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இஞ்சினை நான் திட்டவும் மாட்டேன். அதன் கூடப்பிறந்த இஞ்சின்தான் ஃபெர்குஸன் டிராக்டரில் வயல் உழுதது. 1953-ல் அதே இஞ்சினைச் சற்றுச் சீர்படுத்தி, ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள 'டிரையம்ப் டி.ஆர்.2' காரில் வைத்தார்கள். மணிக்கு நூறு மைலைத் தாண்டி ஓடிற்று! குதிரை ஒன்றேதான். வண்டியின் பாரம்தான் வேறு.

இந்த ரகசியத்தை நன்றாக அறிந்தவர் கோயம்புத்தூர் கரிவரதன். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்களுக்காகப் போட்ட சோழவரம் ஓடுபாதையில், 1950-களிலிருந்து மோட்டார் பந்தயம் நடந்தது. ஹெரால்டும் ஃபியட்டும் உறுமிக்கொண்டு ஓடின. அங்கே ஓட்டிப் பேர் வாங்கிய கரிவரதன், கார் கட்டும் வேலையில் இறங்கியபோது எட்டு சிலிண்டரைத் தேடிப் போகவில்லை. நீங்கள் காய்கறி வாங்கப் போகும் மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் இஞ்சினை எடுத்தார். கடையில் வருகிறபடி அதற்கு நாற்பது குதிரைகூடக் கிடையாது. ஒரே ஆள் உட்காரும் இலேசான உடம்பில் அதை வைத்தார். அதுதான் 'ஃபார்முலா மாருதி'. வேகத்தோடு திருப்பங்களில் கட்டுப்பாடும் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், பந்தயம் பழக ஆரம்பித்தது அந்தக் காரில்தான். அதைக் காணக் கரிவரதனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார்.

சரி, நம் வீட்டுக் கனவுக்கு வருவோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், கம்பெனி செய்து கொடுத்ததற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. பழுதான இஞ்சினுக்குப் பதில் அதே மாதிரி இன்னொன்று போடலாம், அதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்துப் பதிய வேண்டும். இரகசியமாக மாற்றிக்கொண்டு நாளைக்கு ஒரு விபத்து என்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி கிடைத்துவிடும். அடிபட்டவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு யார் கொடுப்பது? நகைப் பெட்டி யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். மரக்காணத்துச் சாலை பந்தயத் திடலும் அல்ல; உப்பு வேலை முடித்த பெண்கள் அதைக் குறுக்கே கடந்துதான் வீடு போக வேண்டும்.

அதற்காக அவரைத் திட்டித் தீர்க்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் முறையான பந்தயத் தளம் இருக்கிறது. அடுத்த பந்தயத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வெயில் கடுமையாயிருக்கும், குடையும் டிபன் காரியரும் அவசியம். காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நாலு சிலிண்டர் போடுகிற சத்தமே போதும் போதும் என்றாகிவிடும்!