உழவு இயந்திரத்திற்கு டீசல் போதாமை

பெரும்போக உழவின்போது, வரப்போரத்தில் நின்று ஓடுகையில் குறையொன்றுங் காட்டாத இயந்திரம், கலப்பை மண்ணில் இறங்கியதும் வலுக்குன்றிச் சிறிது தூரத்தில் நின்றுவிடுவதுண்டு. சற்று நேரங் கழித்து முடுக்கினால் மீண்டும் ஓடும். உடனே உட்செலுத்தும் பம்பி பழுதென எண்ணி அதனைக் கழற்றுவிக்கும் கமக்காரர் பலர். பெரும்பாலும் பணமும் ஈரம் மிக்க உழவுநாளுமே வீணாகின்றன.

முதலிற் புகையைப் பார்த்தல் வேண்டும். பாரம் ஏறும்போது கரும்புகை கக்கினால் டீசல் வந்துகொண்டிருக்கின்றது. காற்று வடிகட்டியைச் சோதித்தல் தகும். கரும்புகையின்றி வலுக்குன்றுமாயின் டீசல் போதவில்லை எனக் கொள்ளலாம்.

1964ஆம் ஆண்டு அறிமுகமாகி இன்றும் வயல்களிற் காணப்படும் மசி பேர்குசன் 135 இயந்திரத்தில், டீசல் தாங்கி மேலே இருப்பதால் எண்ணெய் தானாகவே கீழிறங்கும். ஆதலால் மேலிருந்து கீழாகச் சோதித்தல் எளிது. தாங்கி மூடியிலுள்ள சிறு துவாரம் சேற்றால் அடைபட்டால் உள்ளே காற்றுப் புகாது, எண்ணெயும் இறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்தி உழுகையில் வலு மீளுமாயின் குறை மூடியிலேயே உள்ளது.

அவ்வாறு மீளாவிடின், இயந்திரத்தை நிறுத்தி, ஊட்டும் பம்பிக்கு வருங் குழாயைக் கழற்றித் தூய பாத்திரத்திற் பிடித்துத் திருப்பியைத் திறக்க வேண்டும். எண்ணெய் நூலாக வடிந்தால் தாங்கியின் அடியிலுள்ள வலை அடைபட்டுள்ளது. தாராளமாக வந்தால் வடிகட்டியைச் சந்தேகிக்கலாம். அதன் அடிக்கிண்ணத்தில் நீரும் துருவும் தங்கியிருத்தல் கூடும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் டீசலைப் பழைய பீப்பாய்களிலும் கலன்களிலும் சேமித்தனர். அத்தகைய பீப்பாயின் அடி எண்ணெயைத் தாங்கியில் ஊற்றலாகாது. காகித வடியைக் கழுவி மீண்டும் இடுவது சிக்கனமன்று. கிழிந்த காகிதத்தூடாகச் செல்லும் தூசி பம்பியையே தேய்த்துவிடும். புதியதையே இடுக.

வடி மாற்றியபின் குழாய்களிற் காற்று தங்கும். அதனை அகற்றாவிடின் இயந்திரம் முடுங்காது. வடிகட்டியின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, ஊட்டும் பம்பியின் கைப்பிடியை அசைத்து, குமிழியின்றி டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். பின்னர் உட்செலுத்தும் பம்பியின் காற்றுத் திருகாணிகளிலும் அவ்வாறே செய்க. கைப்பிடி அசைந்தும் டீசல் வராவிடின், இயந்திரத்தை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் முயல்க. இறுதியாக, உட்செலுத்திகளுக்குச் செல்லும் இரண்டு குழாய்களின் சுரைகளைத் தளர்த்தி, முடுக்கியால் இயந்திரத்தைச் சுற்றி, டீசல் வெளிவந்ததும் இறுக்குக. அங்கே எண்ணெய் பீறிடும் இடத்திற் கைவைத்தல் பெரும் ஆபத்து. அது தோலைத் துளைத்து உட்புகும்.

இவ்வளவுஞ் செய்தும் வலு மீளாவிடின் பம்பியைப் பணிமனையிற் காட்டலாம். செல்லும்போது கழற்றிய பழைய வடியையும் உடன் கொண்டுசெல்க.