நீளமான வழி ஏன் சீக்கிரம் போய்ச் சேருகிறது?

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர் என்று விடை வரும். பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் அளவு அது. அதை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பயண நேரத்தைச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கணக்கு எவ்வளவு தவறலாம் என்பதற்கு ஏர் இந்தியாவின் அனுபவமே சான்று. அந்நிறுவனம் முதலில் மேற்கு நோக்கி அட்லான்டிக் வழியாகப் பறந்தது. சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் திசையை மாற்றி, கிழக்கே பசிபிக்கைக் கடந்து போனது. அந்த வழி 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியும், பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சம்.

காரணம் காற்று. 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். விமானம் நகர்வது காற்றுக்குள். அந்தக் காற்றே முன்னோக்கி ஓடினால், தரையைக் கடக்கும் வேகமும் அந்த அளவுக்குக் கூடும். 15,300-ஐப் பதினான்கரையால் வகுத்துப் பாருங்கள்: மணிக்குச் சுமார் 1,055 கிலோமீட்டர். இன்றைய பயணிகள் விமானம் எதுவும் தன் எஞ்சினை மட்டும் நம்பி இந்த வேகத்தில் பறப்பதில்லை. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்ததும் இப்படித்தான்.

இதைப் பூமியின் சுழற்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகிறவருக்கு ஊர் தானாக நெருங்கி வர வேண்டுமே என்பார்கள். வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அப்படி நடப்பதில்லை. காற்றோட்டத்தைக் கிழக்கே திருப்பிவிடுவதுதான் சுழற்சியின் பங்கு. அதனால் மேற்கே போகிறவருக்குப் பெரும்பாலும் எதிர்காற்றே மிஞ்சும்.

காற்று நாளுக்கு நாள் மாறும், தூரம் மாறாது. ஆகவே தூரமே நம்பகமான அளவு என்ற வாதம் வலுவானது. ஆனால் அந்த மாறாத கோட்டில் பறக்க அனுமதி கிடைக்க வேண்டுமே! ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர். ரஷ்ய வான்வெளி வழியாக ஒன்பதரை மணி நேரம் போல ஆன பயணம், 2022-ல் அந்த வான்வெளி மூடப்பட்டபின், வட துருவத்தைச் சுற்றி 13 மணி நேரம் ஆனது. இரண்டு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எரிபொருளும் கட்டணமும் விமானிகளின் பணிநேரமும் மாறிவிட்டன. கார்பன் கணிப்பான்கள் பல, நேர்த்தூரத்தோடு சிறு திருத்தத்தை மட்டும் சேர்த்து ஒரு பயணத்தின் புகையை அளக்கின்றன. இப்படிச் சுற்றிப் போகும் விமானம் கூடுதலாக எரித்த எரிபொருள் அந்தக் கணக்கில் முழுதாக ஏறாது.